மீன்பெட்டியில் போன இரத்தம்

நெடுந்தீவில் மனோகரியைத் தெரியாத மாடு கிடையாது. மனிதர்களில் இரண்டொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் காலைப் படகில் வந்து தீவின் காட்டுக்குதிரைகளைப் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்புகிறவர்களாக இருப்பார்கள். மற்ற எல்லாருக்கும் அவளைத் தெரியும். அவளைவிட அவளுடைய குரலை நன்றாகத் தெரியும். பட்டியில் நின்று ஒரு பசுவைக் கூப்பிட்டால் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் வேறு யாருடைய மாடோ திரும்பிப் பார்க்கும். கணவர் பாலசிங்கம் நேர்மாறு. ஒரு நாள் முழுவதும் அவர் பேசுவதை ஒரு சிரட்டைக்குள் அள்ளி வைத்துவிடலாம். இரண்டு பேருக்குமான கதையையும் தானே கதைக்க வேண்டியிருக்கிறது என்று மனோகரி சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பும் வாயளவில்தான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அக்கரையில் நாரந்தனையில் இருக்கும் அக்காவின் மகள் நிலக்சனா அரைவாசியாவது தீர்த்து வைத்தாள். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் போதும், பிள்ளை நெடுந்தீவில் நிற்பாள். கன்றுகளுக்குப் பெயர் வைப்பதும், வைத்த பெயரை மறந்துவிட்டு வேறு பெயர் வைப்பதும் அவள் வேலை. பிறகு கெட்டிக்காரியாகப் படித்து, நோர்வேக்குப் போய், அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் புற்றுநோய் மருந்து பற்றி ஆராய்கிறாள் என்று ஊருக்குத் தெரிய வந்தபோது மனோகரிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கண்டவரிடமெல்லாம் சொன்னாள். மாடுகளிடமும் சொல்லியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படிச் சொல்லித் திரிந்தவளுக்கே மார்பில் கட்டி வந்தது.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிக்கொண்டு பிறகு வெட்டி எடுக்கலாம் என்றார்கள். நெடுந்தீவிலிருந்து தெல்லிப்பழைக்குப் போவதென்றால் கடல், பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். சுகமாக இருப்பவருக்கே அலுப்புப் பிடித்த பயணம் அது. ஆனாலும் அவளை ஒருவரும் தனியே விடவில்லை. நண்டும் மீனும் ஏற்றிக் அக்கரைத் துறையான குறிகட்டுவானுக்கு ஓடுகிற குருசுமுத்து, தன் படகில் தண்ணீர் தெறிக்காத இடம் பார்த்து அவள் இருப்பதற்கென்று ஒரு பழைய கதிரையைக் கட்டி வைத்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துப் பட்டியைப் பார்த்தார்கள். வாட்டில் ஒரு தாதி, வாந்தி எடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு போனதை மனோகரி இன்றைக்கும் சொல்லுவாள். இப்படியானவர்களுக்கு நன்றி சொல்லி முடியாது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஏற்றிய மருந்து சிவப்பு நிறம். இரண்டு தரம் ஏற்றியானது. கட்டி சுருங்கியது அவளுக்கே கையில் தெரிந்தது. ஆனால் தலைமுடி கையோடு வந்தது, நகம் கறுத்தது. எல்லாவற்றையும் தாங்கினாள், ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. பாலின் மணம் அவளுக்குக் குமட்டத் தொடங்கியது. பட்டிக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வர வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து மாட்டோடு கிடந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது தரத்துக்குக் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து நோர்வேயிலிருந்து ஒரு வீடியோ வந்தது. தமிழ்ச் சங்க மண்டபமொன்றில் நிலக்சனா தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சனத்துக்கு விளங்குகிற தமிழில் பேசியதை யாரோ எடுத்துக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். பிள்ளை சேலை கட்டி நின்று பேசினாள். புற்றுநோய் மருந்து உடம்பு முழுக்கப் பரவுவதால்தான் முடி கொட்டுகிறது, குமட்டுகிறது என்றாள். அதை மிக நுண்ணிய துகளாக்கி உள்ளே விட்டால் கட்டியில் போய்ச் சேர வைக்கலாம். ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் அப்படிப்பட்ட துகள்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்குமாம். ஆனால் உடம்பில் காவல் இருக்கிறது. அந்நியமான எதைக் கண்டாலும் விழுங்கிவிடும். அதனால் இரத்தத்தில் உள்ள சிவப்பணு என்கிற சிவப்புக் கலத்தை எடுத்து, உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு, அதன் மென்சவ்வை மட்டும் மருந்துத் துகளுக்குப் போர்த்தி விடுகிறோம், காவல்காரர் நம்முடைய ஆள்தானே என்று போகவிட்டு விடுவார்கள் என்றாள்.

மனோகரி அந்த இடத்திலேயே எழுந்துவிட்டாள். பேச்சில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. மழை பொய்த்த ஒரு வருடம் அவர்களுடைய பட்டியில் ஒரு பசுவின் கன்று செத்தது. அதே கிழமை இன்னொரு பசு செத்துக் கன்று மிஞ்சியது. கன்றில்லாத பசுவிடம் தாயில்லாத கன்றை விட்டால் அது முகர்ந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. பாலசிங்கம் செத்த கன்றின் தோலை உரித்து, காயவிட்டு, உயிரோடிருந்த கன்றின் முதுகில் போர்த்திக் கட்டினார். இரண்டு மூன்று நாள் பசு யோசித்தது. பிறகு தோலை முகர்ந்து நக்கிக் கொடுத்து மடியை விட்டது. இந்த வேலை நெடுந்தீவுப் பட்டிக்காரருக்குப் புதிதல்ல. ஆகவே நிலக்சனா சொன்னது அந்த மண்டபத்தில் இருந்த படித்தவர்களுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, மனோகரிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கண்ணால் கண்டு, கூட நின்று செய்த வேலை. சரிவருமா வராதா என்று அவள் ஒருவரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவளுடைய பிழை தொடங்கியது அங்கேதான். விளங்காதவள் என்றால் நாலு பேரிடம் விசாரித்திருப்பாள்.

நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு நிலக்சனா வருவதாக இருந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொக்கிளேற்றும் தைலமும் கொண்டுவருவது போல பிள்ளை அந்த மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு வருவாள் என்று மனோகரி முடிவுகட்டினாள். பிறகு எதற்கு அந்தச் சிவப்பு மருந்து? மூன்றாந்தரத்துக்கு அவள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இடைவெளி விடச் சொன்னார்கள் என்று பாலசிங்கத்திடம் சொன்னாள். அவர் ஓம் என்று ஏற்றுக்கொண்டார். அக்காவிடம் மூச்சு விடவில்லை. பாலின் மணத்தில் பழைய பிரியம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அவள் மறுபடி பட்டிக்குப் போனாள், சந்தோசமாக இருந்தாள். கட்டியும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அதைக் குளிக்கும்போது தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

இன்னும் ஒரு கணக்கு அவள் மனதில் ஓடியது. பசு ஏற்றுக்கொண்டது அதன் சொந்தக் கன்றின் தோலைத்தான். வேறு கன்றின் தோலைக் கட்டியிருந்தால் முட்டித் தள்ளியிருக்கும். அப்படியென்றால் மருந்துக்குப் போர்த்துவதற்கும் தன் இரத்தம்தானே வேண்டும்? பிள்ளை வந்து இறங்கியதும் வேலையைத் தொடங்க வசதியாக அதை நாரந்தனைக்கே அனுப்பிவிட்டால் என்ன?

தீவில் மாடுகளுக்கு ஊசி போடுகிறவன் சிவகரன். அவனைக் கூப்பிட்டு இரத்தம் எடுத்துத் தரச் சொன்னாள். எந்த மாட்டுக்கு என்று கேட்டான். தனக்கு என்றாள். சிவகரன் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். மனோகரி விடுவாளா? மூன்று நாள் அவன் வீட்டுப் படலையில் போய் நின்றாள். அவனுடைய முதல் கறவைப் பசு தன் பட்டியிலிருந்து போனது என்பதை நினைவூட்டினாள். கடைசியில் அவன் ஒரு புதிய ஊசியை உடைத்து, ஒரு சின்னப் போத்தலில் எடுத்துக் கொடுத்தான்.

“ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ அக்கா” என்றான்.

“உமக்கு நான் சாகுமட்டும் கடமைப்பட்டவள்” என்றாள் மனோகரி.

போத்தலை ஐஸ் நிரப்பிய, மீன் அனுப்புகிற றெஜிபோம் பெட்டியில் வைத்து, சுற்றிவரப் பிளாஸ்ரர் ஒட்டி, குருசுமுத்துவிடம் கொடுத்து, நாரந்தனைக்கு அனுப்பிவிடச் சொன்னாள். உள்ளே என்ன என்று அவன் கேட்டதற்கு நண்டு என்றாள். குருசுமுத்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். இந்தப் பாரத்துக்கு நண்டென்றால் பிள்ளைக்குப் பல்லுக்குள் ஒட்டவும் காணாதே என்று பகிடி விட்டு, தன்னுடைய நண்டுப் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு போனான். குறிகட்டுவானில் தெரிந்த ஓட்டோக்காரனிடம் பத்திரமாக ஒப்படைத்தான்.

நாரந்தனையில் அக்கா திரிபுரசுந்தரி பெட்டியைக் கண்டதும் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். நிலக்சனா வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தங்கச்சி பிள்ளையை மறக்கவில்லை என்று தாய் குசினியிலிருந்து புகழ்ந்துகொண்டிருக்க, மகள் பிளாஸ்ரரை உரித்தாள். ஐசுக்குள்ளிருந்து கறுத்து உறைந்த இரத்தத்தோடு ஒரு போத்தல் வந்தது. மீன் மணத்தது. அந்த நேரம் மனோகரியின் அழைப்பும் வந்தது. பெட்டி கிடைத்ததோ, பழுதாகவில்லையோ என்று கேட்டாள்.

“இது ஆரின்ர இரத்தம், சின்னம்மா?”

“என்ரதான் பிள்ளை. உன்ர மருந்துக்குப் போர்த்தத்தான்.”

நிலக்சனா போத்தலை மேசையில் வைத்தாள். பிறகு, மூன்றாந்தரம் மருந்து ஏற்றி எத்தனை நாள் என்று கேட்டாள். மனோகரி, ஐஸ் உருகிவிட்டதோ என்று கேட்டாள். கேட்டதை விட்டு அவள் வேறு கதை கதைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பது பிள்ளைக்குத் தெரியும்; திரும்பவும் கேட்டாள்.

“அதை நான் விட்டிட்டன்” என்றாள் மனோகரி.

மறுநாள் நயினாதீவில் கொடியேற்றம். குறிகட்டுவானில் சனம் நிரம்பி வழிந்தது. ஒரே துறையிலிருந்துதான் இரண்டு தீவுக்கும் படகு. வீட்டார் நயினாதீவுப் படகில் ஏற, நிலக்சனா நெடுந்தீவுப் படகில் ஏறினாள். சோழகக் காற்று கடல்நீரை அள்ளி எறிந்தது. வழி நெடுகத் தன்னைத்தான் திட்டிக்கொண்டு போனாள். மண்டபத்தில் கைதட்டு வாங்கின பேச்சைச் சின்னம்மாவுக்கு ஒருதரம் போனில் சொல்லி, இதை நம்பி இருக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

மனோகரி குளித்து, தலையைத் துணியால் கட்டி, வாசலில் நின்றாள். பிள்ளையின் கையைப் பார்த்தாள். பை வெறும் பையாக இருந்தது. நிலக்சனா அவளை இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தாள். பாலசிங்கம் தூணோடு நின்றார். பிள்ளை சுற்றி வளைக்காமல் சொன்னாள். மருந்து இன்னும் மனிதருக்கு வரவில்லை. வர எத்தனை வருடமோ தெரியாது, வராமலும் போகலாம். இப்போதைக்கு அது எலிகளுக்குத்தான். வீடியோவின் கடைசியில் அதைத்தான் சொல்லியிருந்தாள். அனுப்பிய இரத்தம் வழியிலேயே உறைந்து, கலமெல்லாம் உடைந்துவிட்டது. ஆனால் சொந்த இரத்தம்தான் பொருந்தும் என்று சின்னம்மா யோசித்தது பிழையான யோசனை இல்லை, நாங்களும் அங்கே அதைத்தான் யோசிக்கிறோம் என்றும் சொன்னாள். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல, உண்மை.

மனோகரிக்கு ஆறுதல் தேவைப்படவுமில்லை. அவளுக்கு வந்தது வெட்கம். பாலசிங்கத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இடைவெளி என்று சொன்னது பொய் என்று அவருக்கு இப்போதுதான் தெரியும்.

“அப்ப நான் விசரி மாதிரி இருந்து கட்டியை வளர்த்துப்போட்டன்” என்றாள்.

நிலக்சனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாங்கள் போர்த்திற தோலுக்கை இருக்கிறது உங்களுக்கு ஏத்தின அதே சிவப்பு மருந்துதான், சின்னம்மா. மருந்து கையிலை இருக்கு. இன்னும் கிடைக்காதது தோல் மட்டும்தான்.”

மனோகரி தலையை ஆட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. மூன்றாந்தரத்தை நினைத்தால் இப்போதும் குமட்டியது. தன்னால் ஏலாது என்றாள். இனி நடக்கிறது நடக்கட்டும் என்றாள். நிலக்சனாவுக்கு அழுகைதான் வந்தது.

அப்போது பாலசிங்கம் தொண்டையைச் செருமினார்.

“இஞ்சேரும். தோல் காயுமட்டும், பசு மடி விடுமட்டும், அந்தக் கண்டுக்குட்டி என்னத்தைக் குடிச்சு உயிரோடை கிடந்தது?”

மனோகரி அவரைப் பார்த்தாள்.

“நீர்தான் போத்தல்லை பால் பருக்கினனீர். அது குடிக்கமாட்டன் எண்டு துப்பினது. நீர் விட்டனீரோ?”

விடவில்லை. வாயைப் பிளந்து, மடியில் கிடத்தி, இரவும் பகலும் பருக்கினாள். அவர் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான். அவர்களுடைய இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் பேசிய ஆக நீளமான பேச்சும் அதுதானாம். மனோகரி கண்ணைத் துடைத்தாள். உடுப்புப் பையை எங்கே வைத்தேன் என்று கேட்டாள்.

மறுநாள் காற்று இன்னும் கூடியது. துறையில் படகுகள் கட்டியபடி கிடந்தன. தான் வீணாக்கிய நாட்கள் போதாதென்று கடலும் சேர்ந்துகொண்டதே என்று மனோகரி கரையில் நின்று தவித்தாள். ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டிக்குச் சோறு போடுகிறது என்பது இப்போது அவளுக்குத் தெரியும். அதற்கடுத்த நாள் மத்தியானம் காற்று சற்றுத் தாழ்ந்ததும் குருசுமுத்து வந்து கதிரையைக் கட்டினான். நண்டுப் பெட்டியின் கதை அதற்குள் அவன் காதுக்கு எட்டியிருந்தது. அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நண்டும் ஏற்றவில்லை, வேறு ஆட்களும் ஏற்றவில்லை. பாரம் குறைந்தால் படகு அடிவாங்காமல் ஓடும் என்றான். அலை வரும் பக்கமாகத் தான் நின்றுகொண்டான். குறிகட்டுவானில் இறங்கும்போது அவன் சட்டையில் நனையாத இடம் இல்லை. மனோகரியின் சேலைத் தலைப்புத்தான் கொஞ்சம் நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஏச்சு விழும் என்று பயந்துகொண்டு போனாள். டொக்டர் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்தார். கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது, ஆனால் கைவிட்டுப் போகவில்லை என்றார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வேறு கதை. வந்துவிட்டீர்கள்தானே, இனி நிற்பாட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தத் தன்மையான பேச்சைத் தாங்க முடியாமல் அங்கேயே அழுதாள். சிவப்பு மருந்து மறுபடி ஏறியது. வாந்தி, குமட்டல், பாலின் மணத்தில் வெறுப்பு எல்லாம் வரிசையாக வந்தன. துப்பத் துப்பக் குடித்த கன்றை நினைத்துக்கொண்டு கிடந்தாள். சொன்ன அத்தனை தரமும் ஏற்றி முடித்தாள். பிறகு வெட்டி எடுத்தார்கள். இப்போது குறித்த நாட்களில் காட்டிவிட்டு வருகிறாள், இதுவரை சுகம். முடி சுருளாக முளைத்திருக்கிறது. குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

நிலக்சனா நோர்வேக்குத் திரும்புவதற்கு முதல்நாள், தெல்லிப்பழை வாட்டில் கட்டிலோரம் இருந்தபோது, மனோகரி அவளிடம் ஒன்று கேட்டாள். அந்த எலிகளுக்குச் சுகம் வந்ததா? கட்டி சுருங்கியது என்றாள் பிள்ளை. பிறகு தயங்கி, சுருங்கினாலும் உள்ளே பார்ப்பதற்காக அதுகளைக் கொல்ல வேண்டியிருக்கிறது என்றாள். மேலே தொங்கிய சிவப்பு மருந்தைக் காட்டி, இதுவும் ஒருகாலம் எலிகளுக்குத்தான் முதலில் ஏறியது, அதுகள் செத்துத்தான் இது மனிதருக்கு வந்தது என்றும் சொன்னாள். ஒரு மாட்டையும் இறைச்சிக்கு விற்றறியாதவள் மனோகரி. குழாயில் இறங்கிய சொட்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இந்த வருடத் திருவிழாவுக்கு அவளும் பாலசிங்கமும் நயினாதீவுக்குப் போனார்கள். அருச்சனைத் தட்டோடு அம்மன் வாசலில் நின்று, குருக்கள் கேட்கக் கேட்கப் பெயரும் நட்சத்திரமும் சொன்னாள். டொக்டர் பெயர், தாதி பெயர், நிலக்சனா, சிவகரன், முறை வைத்துப் பட்டி பார்த்த பெண்கள். நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு அம்மாளே பொறுப்பு. குருசுமுத்துவின் பெயரைச் சொன்னபோது, அவன் சிலுவை கும்பிடுகிற வேதக்காரனல்லவா என்று பின்னால் நின்ற யாரோ முணுமுணுத்தார்கள். கடலில் அலை அதைப் பார்த்துவிட்டா அடிக்கிறது என்று மனோகரி திரும்பிக் கேட்டாள்.

குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார்.

“ஐயா, இன்னும் கொஞ்சப் பேர் இருக்கினம். பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது.”

“ஆர் அம்மா அவையள்?”

“எலியள்” என்றாள் மனோகரி. வரிசையில் சிரிப்புக் கேட்டது. அவள் பொருட்படுத்தவில்லை. “நான் உயிரோடை வந்து இதிலை நிக்கிறதுக்காக எனக்கு முன்னம் செத்ததுகள், ஐயா.”

குருக்கள் சிரிக்கவில்லை. ஒரு பிடி பூவைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.